ஹாசல்பிளாட் பெட்டிக்கு என்ன விலை கொடுக்கலாம்?

டீயைக் குடிங்க தம்பி, பெரியவர் ஸ்டூடியோவை இன்னைக்கே காலி பண்ணிடப் போறதில்லை. ஹாசல்பிளாட் 500சி/எம் பாடி, ரெண்டு லென்ஸ், ரெண்டு ஃபிலிம் பேக், தோல் பை, எல்லாத்துக்கும் ஒரே விலை சொல்றார்னீங்க. ஒரே விலைன்னாலே பிரிச்சுப் பார்க்கணும்.

நம்ம பெங்களூரு பீன்யாவுல செகண்ட் ஹேண்ட் லேத் வாங்கினவர் நீங்க. பெயின்ட்டைப் பார்த்தா விலை பேசினீங்க? ஸ்பிண்டில் ஆடுதா, ஸ்லைடுல பேக்லாஷ் எவ்வளவுன்னுதானே பார்த்தீங்க. இதுவும் அதே கணக்குதான்.

பாடி நம்பருக்கு முன்னால ரெண்டு எழுத்து இருக்கும். வி, ஹெச், பி, ஐ, சி, டி, யு, ஆர், இ, எஸ். இந்த வரிசையில வி-க்கு 1, ஹெச்-க்கு 2, கடைசி எஸ்-க்கு 0. யு-இ இருந்தா 79, அதாவது 1979-ல செஞ்சது. வயசு தெரியும், அவ்வளவுதான். விலை அதுல இல்லை.

விலை லென்ஸ்ல இருக்கு. இந்த கேமராவுல ஷட்டர் பாடியில கிடையாது, ஒவ்வொரு லென்ஸுக்குள்ளயும் தனித்தனியா இருக்கு. ரெண்டு லென்ஸ்னா சர்வீஸ் பண்ண வேண்டிய ரெண்டு ஷட்டர். ஒரு செகண்ட்ல வெச்சு அடிச்சுப் பாருங்க. உள்ளே எண்ணெய் காய்ஞ்சிருந்தா இழுத்துக்கிட்டே போகும், இல்லே பாதியிலயே நின்னுடும். உங்க காதுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அடுத்து பி (பல்ப்) செட்டிங்ல ஷட்டரைத் திறந்து வெச்சு, பின்னாலிருந்து மொபைல் டார்ச் அடிங்க. சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை. தோல் பையிலயே வருஷக்கணக்கா கிடந்த லென்ஸ்னா சந்தேகப்பட்டே பாருங்க. தோல் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும்.

லென்ஸைக் கழட்டிப் பின்பக்கம் பாருங்க, திருப்புளி வெட்டு மாதிரி ஒண்ணு இருக்கும். அதைச் சுத்திக் கீறல் இருந்தா, எப்பவோ ஜாம் ஆகி யாரோ திருப்புளி போட்டு நெம்பியிருக்காங்கன்னு அர்த்தம். பாடி, லென்ஸ் ரெண்டும் காக் ஆன, அதாவது ஸ்பிரிங் முறுக்கி வெச்ச நிலையிலதான் மாட்டணும். தெரியாம மாட்டினா சிக்கிக்கும்.

ஃபிலிம் பேக்ல வெளிக்கூட்டு நம்பரின் கடைசி மூணு இலக்கமும் உள்செருகு நம்பரும் ஒண்ணா இருக்கணும். மாறியிருந்தா பேரம் பேசலாம். வெளிச்சம் கசிஞ்சா பயப்படாதீங்க, சீல் மாத்தறது சின்ன வேலை. ஃபோகஸிங் ஸ்க்ரீன் விளிம்புல ரெண்டு சின்ன வெட்டு தெரிஞ்சா அக்யூட்-மேட் டி. அது தனியாவே நல்ல விலைக்குப் போகும். பெரியவருக்குத் தெரியலைன்னா சொல்லிடுங்க, வயசானவரை ஏமாத்தாதீங்க.

நிலாவுக்குப் போன கேமரான்னு அவர் சொல்வார். 1969-ல அப்பல்லோ 11-ல போனவங்க நிலாத் தரையில படம் எடுத்தது மோட்டார் வெச்ச 500இஎல்-ஐ மாத்திச் செஞ்ச மாடல்ல. இது கையால சுத்தற 500சி/எம். சந்திரயான்-3-ஐ இதே பீன்யாவுல இருக்கற இஸ்ரோவோட இஸ்ட்ராக் மையத்துலருந்து இயக்கினாங்கங்கிறதுக்காக இங்கே நிலாக் கதைக்குத் தனி விலை கிடையாது.

இணையத்துல கேக்கற விலையைப் பார்க்காதீங்க, வித்த விலையைப் பாருங்க. அதுல ரெண்டு ஷட்டர் சர்வீஸ் செலவைக் கழிச்சுச் சொல்லுங்க. முடிவு பண்றதுக்கு முன்னால பேக்குக்கு ஒரு 120 ரோல் போட்டு, பன்னிரண்டு படத்தையும் ரெண்டு லென்ஸுக்கும் பிரிச்சு எடுத்துக் கழுவிப் பாருங்க. ஃபிலிம் செலவு உங்களுது.