போலீஸுக்குச் சுடும் உரிமை எங்கிருந்து வருகிறது?

ஆயுதம் பதுக்கிய இடத்தைக் காட்டுவதற்காக அதிகாலையில் அழைத்துச் செல்லப்பட்டார். மறைத்து வைத்திருந்த துப்பாக்கியை எடுத்து போலீஸாரைச் சுட்டார். தற்காப்புக்காக ஆய்வாளர் திருப்பிச் சுட்டதில் இறந்தார். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும், தமிழ்நாட்டில் பத்திரிகை படிக்கிற எவருக்கும் பழகிப்போன செய்தி இது. பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொலை வழக்கில் சரணடைந்து, போலீஸ் காவலில் இருந்த ஒருவர் 2024 ஜூலை 14 அன்று சென்னை மாதவரம் அருகே சுட்டுக்கொல்லப்பட்டபோதும் காவல்துறை தந்த விளக்கம் ஏறக்குறைய இதுவே.

உடனே விவாதம் தொடங்கிவிடுகிறது. ‘அவன் பேரில் எத்தனை கொலை வழக்கு இருக்கிறது தெரியுமா?’ என்கிறது ஒரு பக்கம். ‘அவ்வளவு மோசமானவர் இல்லை, பொய் வழக்குப் போட்டார்கள்’ என்கிறது மறுபக்கம். இரண்டு பக்கமும் செத்தவரின் யோக்கியதையைப் பற்றித்தான் பேசுகின்றன. சட்டம் அதைக் கேட்பதே இல்லை. பத்துக் கொலை செய்தவராக இருந்தாலும் சரி, பிக்பாக்கெட்டாக இருந்தாலும் சரி, சட்டம் பார்ப்பது துப்பாக்கி வெடித்த அந்த நேரத்தை மட்டும்தான். அப்போது யாருடைய உயிருக்காவது உண்மையான ஆபத்து இருந்ததா? சுடாமல் அந்த ஆபத்தைத் தடுக்க வழி இருந்ததா?

‘என்கவுன்ட்டர்’ என்ற பெயரில் கொல்ல நம் சட்டப் புத்தகங்கள் யாருக்கும் அதிகாரம் தரவில்லை. போலீஸ்காரர் சுடுவதற்கு மூன்று வாசல்கள்தான் உண்டு: கைது, தற்காப்பு, கூட்டத்தைக் கலைத்தல். மூன்றும் குறுகலானவை.

கைது செய்யும்போது ஒருவர் எதிர்த்தாலோ தப்ப முயன்றாலோ, தேவையான எல்லா வழிகளையும் பயன்படுத்தலாம் என்கிறது சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆவது பிரிவு இது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவில் 43ஆவது பிரிவு. அதே பிரிவு ஒரு வேலியும் போடுகிறது: மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்கும் உரிமையை இப்பிரிவு தரவில்லை. இதைத் தலைகீழாகப் படித்து, ‘கொலைக் குற்றவாளி ஓடினால் சுட்டுவிடலாம்’ என்று நினைப்பவர்கள் காவல்துறையிலும் இருக்கிறார்கள், வெளியிலும் இருக்கிறார்கள். அது தவறு. ‘தேவையான’ என்ற நிபந்தனை எல்லோருக்கும் பொது. ஓடுகிறவரை நாளை பிடிக்க முடியும் என்றால் இன்று கொல்வது தேவையாகாது. ஜார்க்கண்ட் வழக்கு ஒன்றில் 2012இல் உச்ச நீதிமன்றம் போலீஸாருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பிலேயே, பயங்கரக் குற்றவாளி என்பதற்காக ஒருவரைக் கொல்வது போலீஸின் கடமையல்ல, கைதுசெய்து விசாரணைக்கு நிறுத்துவதே கடமை என்றும் எழுதி வைத்தது.

அமெரிக்காவில் இதே கேள்வி 1985இல் தீர்க்கப்பட்டது. டென்னசி மாநிலம் மெம்பிஸ் நகரில் ஒரு வீட்டில் திருடிவிட்டு வேலியேறி ஓடிய, கையில் ஆயுதமில்லாத 15 வயதுச் சிறுவனைப் பின்னந்தலையில் சுட்டார் ஒரு போலீஸ்காரர். தப்பி ஓடுகிறான் என்பது மட்டும் காரணமாகாது, பிறர் உயிருக்கு அவனால் கடும் ஆபத்து உண்டு என்று நம்ப வலுவான காரணம் வேண்டும் என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம்.

இரண்டாவது வாசலான தற்காப்பு, நம் எல்லோருக்கும் உள்ளதுதான். போலீஸ்காரருக்கென்று தனித் தற்காப்புச் சட்டம் கிடையாது. உயிர் போய்விடும், அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சும் எவரும் தாக்குபவரைக் கொல்லும் அளவுக்குப் போகலாம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் இதைச் சொல்கின்றன. அந்த அச்சம் பிறக்கும்போது உரிமை பிறக்கிறது, அச்சம் நீங்கியதும் உரிமையும் நீங்கிவிடுகிறது. அரிவாளை ஓங்கியவரைச் சுடலாம். அரிவாளைக் கீழே போட்டவரை, முதுகு காட்டி ஓடுகிறவரை, விலங்கு மாட்டப்பட்டவரைச் சுட அந்த உரிமை இல்லை.

போலீஸாருக்கு ஆபத்தே இல்லை என்று சொல்பவர்கள் களத்தை அறியாதவர்கள். 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு எஸ்.ஐ. வில்சன் சுட்டுக்கொல்லப்பட்டார். 2021 நவம்பரில் ஆடு திருடர்களை மோட்டார் சைக்கிளில் விரட்டிச் சென்ற திருச்சி நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன் வெட்டிக்கொல்லப்பட்டார். இருட்டில், தனியாக, ஒரு கண நேரத்தில் முடிவெடுக்க வேண்டியவர்களின் வேலை அது. சட்டத்துக்கும் இது தெரியும். தற்காப்பு உரிமையை நல்லெண்ணத்தோடு சற்று மீறியவர்மீதும், கடமையைச் செய்வதாக நம்பி அதிகாரத்தை மீறிய அரசு ஊழியர்மீதும் கொலைக் குற்றம் விழாது, அதைவிடக் குறைந்த குற்றமே விழும் என்று விதிவிலக்குகள் வைத்திருக்கிறது.

ஆனால் அதை முடிவு செய்வது யார்? விவாதங்களில் அநேகமாக யாரும் தொடாத இடம் இது.

தற்காப்புக்காகச் செய்தேன் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சாட்சியச் சட்டத்தின் பழைய 105ஆவது பிரிவு, இன்றைய பாரதிய சாக்ஷிய அதிநியமின் 108ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஓர் உயிர் போயிருக்கிறது, ஒருவர் சுட்டிருக்கிறார்; அது குற்றமில்லை என்று காட்டும் பொறுப்பு சுட்டவரிடம் இருக்கிறது. விவசாயி ஒருவர் தோட்டத்தில் நுழைந்த கொள்ளையனைத் தற்காப்புக்காகக் கொன்றால் இதுதான் நடக்கும்: அவர்மீது வழக்குப் பதிவாகும், அவர் தன் நியாயத்தைச் சொல்வார்.

என்கவுன்ட்டரில் வழக்கமாக நடப்பது வேறு. செத்தவர்மீது எஃப்.ஐ.ஆர். போடப்படுகிறது. போலீஸாரைக் கொல்ல முயன்றார், பணி செய்யவிடாமல் தடுத்தார், சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்தார் என்று பிரிவுகள் சேர்க்கப்படுகின்றன. புகார் கொடுப்பவர் சுட்ட குழுவைச் சேர்ந்த அதிகாரி. பிறகு, குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் மேல் நடவடிக்கை இல்லை என்று கோப்பு மூடப்படுகிறது. சுட்டவர் எதையும் நிரூபிக்க வேண்டிய கட்டமே வருவதில்லை. நியாயமாகச் சுட்ட அதிகாரிக்கும் இது நல்லதல்ல என்பேன். அவர் நிரபராதி என்று எந்த நீதிமன்றமும் சொல்லியிருக்காது. ஊர் வாயில் அவர் பெயர் ‘என்கவுன்ட்டர் ஸ்பெஷலிஸ்ட்’ என்றே நின்றுபோகும்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளைச் சட்டமாக்கியது. 1995 முதல் 1997 வரை மும்பை போலீஸார் நடத்திய ஏறத்தாழ 99 மோதல்களில் சுமார் 135 பேர் இறந்ததைப் பற்றி பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கு அது. தலைமை நீதிபதி ஆர்.எம்.லோதாவும் நீதிபதி ரோஹின்டன் நாரிமனும் தந்த தீர்ப்பின்படி, மரணம் நேர்ந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம். விசாரணையை சி.ஐ.டி.யோ வேறொரு காவல் நிலையத்தின் குழுவோ நடத்த வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை நடந்தாக வேண்டும். பிரேதப் பரிசோதனையை இரண்டு மருத்துவர்கள் செய்ய வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். ரத்தம் படிந்த மண், முடி, நூலிழைகள்வரை பாதுகாக்கப்பட வேண்டும். சுட்ட அதிகாரி தன் துப்பாக்கியைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். சம்பவம் நடந்த சூட்டோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ தரக் கூடாது. 2004இல் வீரப்பன் கொல்லப்பட்டதும் அதிரடிப்படையினருக்கு ஒரு படி பதவி உயர்வு, ரொக்கம், வீட்டுமனை என்று அரசு அறிவித்ததை நினைத்துப் பார்த்தால், இந்தக் கடைசி விதி ஏன் தேவைப்பட்டது என்பது புரியும்.

துப்பாக்கியைச் சோதிப்பது சம்பிரதாயம் அல்ல. 2017 டிசம்பரில் கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையர்களைத் தேடி ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக்குச் சென்ற மதுரவாயல் ஆய்வாளர் பெரியபாண்டியன் அங்கே குண்டு பாய்ந்து இறந்தார். கொள்ளையர்கள் சுட்டார்கள் என்றுதான் முதலில் செய்தி வந்தது. உடன் சென்ற அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாக வந்த குண்டு அது என்று பிறகு ராஜஸ்தான் போலீஸார் விசாரித்துச் சொன்னார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத இடத்தில்கூட முதல் தகவல் இவ்வளவு தூரம் பிசகுகிறது. அப்படியிருக்க, சுட்டவர் சொல்லும் கதையை மட்டும் வைத்து ஒரு மரணக் கோப்பை மூடுவதை எப்படி ஏற்பது?

மூன்றாவது வாசல் கூட்டம். இங்கே நோக்கமே வேறு. யாரையும் தண்டிப்பதோ பிடிப்பதோ அல்ல, கலைப்பது. எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடியடி என்று படிப்படியாகப் போய், வேறு வழியே இல்லாதபோதுதான் துப்பாக்கி. அப்போதும் தாழ்வாகக் குறிபார்க்க வேண்டும் என்பது காவல்துறையினர் பயிற்சியிலேயே கற்கும் பாடம். இதிலிருந்து கிடைக்கும் முடிவு எளிது: ஓடத் தொடங்கியவர் கலைந்துவிட்டார். சட்டம் கேட்டதை அவர் செய்துவிட்டார். அவரைச் சுட ஒரு காரணமும் மிச்சமில்லை.

தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளில், இந்த வரிசை நொறுங்கியது. வேன்மீது ஏறி நின்று நீளத் துப்பாக்கியால் குறிபார்த்த போலீஸ்காரரின் காட்சியை நாடே பார்த்தது. 13 பேர் இறந்தார்கள். அவர்களில் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த மாணவி ஒருவர்; ஆட்சியர் அலுவலகத்திலிருந்து தள்ளியிருக்கும் திரேஸ்புரத்தில் ஒரு பெண். துணை வட்டாட்சியர்கள் உத்தரவிட்டதாக எஃப்.ஐ.ஆர்.கள் கூறின. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. சுடும் அளவுக்கு ஆத்திரமூட்டல் இல்லை, தப்பி ஓடியவர்கள்மீது மறைவான இடங்களிலிருந்து சுட்டார்கள் என்று கண்டறிந்த ஆணையம், 17 போலீஸார்மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. ஆட்சியர் அலுவலகத்தில் கல்லெறிதலும் தீவைப்பும் நடந்தன என்பது உண்மைதான். கல்லெறிந்தவரைக் கைதுசெய்ய நூறு வழிகள் இருந்தன. ஓடுகிறவரின் முதுகில் பாயும் குண்டு எந்தக் கல்லையும் தடுப்பதில்லை.

இவ்வளவு தெரிந்தும் மக்கள் ஏன் கைதட்டுகிறார்கள்? அதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே சட்டான்பள்ளியில், பெண் கால்நடை மருத்துவரை வன்புணர்ந்து கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட நால்வரும் சுட்டுக்கொல்லப்பட்டபோது, போலீஸார்மீது பூத்தூவினார்கள். அன்றைய தேதியில் 2012 டெல்லி கூட்டு வன்புணர்வு வழக்கின் குற்றவாளிகளுக்குத் தண்டனை நிறைவேறியிருக்கவில்லை. 2020 மார்ச்சில்தான் தூக்கு. ஏழு ஆண்டுகள் காத்திருந்த கோபம் அந்தப் பூக்களில் இருந்தது.

பிறகு வந்தது நீதிபதி சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை. ராஜீவ் காந்தி கொலை வழக்கைப் புலனாய்ந்த டி.ஆர்.கார்த்திகேயன் அதன் உறுப்பினர்களில் ஒருவர். போலீஸ் வேலை தெரியாதவர்கள் எழுதியது என்று அதைத் தள்ள முடியாது. 2022 மே மாதம் வெளியான அந்த அறிக்கை, கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள் என்றது. இறந்தவர்களில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றது. பத்துப் போலீஸார்மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. அந்த நால்வரும்தான் குற்றம் செய்தார்களா என்பதை இனி எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாது. அந்த மருத்துவரின் குடும்பத்துக்கும் ஒரு தீர்ப்பு கிடைக்காமல் போனது. எனக்கு இதில் மிகவும் வலிப்பது அதுதான்.

கொல்லாமல் காலில் சுடுவது இப்போது பரவலாகிவிட்டது. ‘சுட்டுப் பிடித்தனர்’ என்று தலைப்பு வருகிறது. மருத்துவமனைப் படுக்கையில் கட்டுப்போட்ட காலின் படமும் வருகிறது. உயிர் போகவில்லையே என்று பலர் ஆறுதல் கொள்கிறார்கள். ஆனால் தொடையில் பாயும் குண்டு பெரிய ரத்தக்குழாயை அறுத்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். 2014 தீர்ப்பு, கொடுங்காயம் ஏற்படும் சம்பவங்களிலும் இந்த நெறிமுறைகளை முடிந்தவரை பின்பற்றச் சொல்கிறது.

இறந்தவரின் குடும்பத்துக்கு என்ன வழி? நெறிமுறைகள் பின்பற்றப்படவில்லை என்றால் அந்த எல்லைக்குட்பட்ட அமர்வு நீதிபதியிடம் நேரடியாகப் புகார் தரலாம். அவர் அதைப் பரிசீலித்தாக வேண்டும். இறந்தவர் போலீஸ் காவலில் இருந்தவர் என்றால், கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரணை போதாது. அது காவல் மரணம்; நீதித்துறை மாஜிஸ்திரேட்டே விசாரிக்க வேண்டும் என்கிறது சுரக்ஷா சம்ஹிதாவின் 196ஆவது பிரிவு. அந்த விசாரணைக்கு என்ன வலு உண்டு என்பதை 2020இல் தந்தையும் மகனும் காவலில் இறந்த சாத்தான்குளம் வழக்கு காட்டியது. நிலையத்துக்கே நேரில் சென்ற கோவில்பட்டி மாஜிஸ்திரேட், தலைமைக் காவலர் ரேவதியின் வாக்குமூலத்தைப் பதிவு செய்திராவிட்டால் அந்த வழக்கு வேறு மாதிரி போயிருக்கும். அரசு ஊழியர்மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி தேவை என்ற தடை இன்னும் இருக்கிறது. அதே சம்ஹிதாவின் 218ஆவது பிரிவு அதற்குக் கெடு வைத்திருக்கிறது: 120 நாட்களுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும். மனு எழுதும் வழக்கறிஞர் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை வீடியோ, துப்பாக்கிகளின் தடயவியல் அறிக்கை.