காட்டுக்கு வழிகாட்ட உரியவர் யார்?

காடு பார்க்கச் செல்லுதல் இந்நாளில் நகரவாசிகளிடையே பெருவழக்காகி வருகிறது. விடுமுறை வந்தால் வாலிபர்கள் மூட்டை கட்டி மலையேறுகிறார்கள். கூடாரமடித்து இரவைக் கழிக்கிறார்கள். இதை நாம் வரவேற்கிறோம். தன் நாட்டின் மலையையும் வனத்தையும் காலால் நடந்து காணாதவன் தேசபக்தி பேசுவது, தாயின் முகம் பாராதவன் அவள் பெருமை பேசுவதை ஒக்கும். ஆயினும் அவர்களை அழைத்துச் செல்பவர் யார், அதனால் வரும் வருமானம் யாருக்கு என்னும் கேள்விகளை நம் ஜனங்கள் சிரத்தையுடன் கேட்பதாகத் தெரியவில்லை.

இக்கேள்வி உயிர் சம்பந்தமானது. 2018ஆம் வருஷம் மார்ச் 11ஆம் தேதி தேனி ஜில்லா குரங்கணி மலைச்சரிவில், காய்ந்த புல்லில் பற்றிய தீ காற்றோடு சீறி வந்து, மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அவ்வருஷமே சர்க்கார் மலையேற்றத்தை ஒழுங்குசெய்ய விதிகள் வகுத்தது. பங்குனி வெயிலில் புற்சரிவு எத்தகைய ஆபத்து என்பதை அறிய மலைவாசிக்குப் புஸ்தகம் வேண்டாம். அவ்வறிவை மதித்து நடப்பதே முதற்காப்பு.

2024ஆம் வருஷம் வன இலாகா 40 பாதைகளைத் திறந்து, மலைக் கிராமங்களையும் காட்டோர ஊர்களையும் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சியளித்து வழிகாட்டிகளாக நியமித்தது. அடுத்த வருஷம் தீக்காலத்தில் அப்பாதைகள் மூடப்பட்டன. இவ்விரண்டும் நல்ல காரியங்கள்.

இவற்றினும் முன்மாதிரியானது தேக்கடியில் நடந்தது. பெரியாறு வனத்தில் ஒரு காலத்தில் வயணப் பட்டை உரித்தும் மிருகங்களை வேட்டையாடியும் பிழைத்தவர்கள் வழக்குகளில் சிக்கித் தவித்தனர். 1990களின் பிற்பகுதியில் அவர்களையே வனத்தின் காவலராகவும் வழிகாட்டிகளாகவும் ஆக்கினார்கள். புலிகள் உலவும் அக்காட்டில் யாத்திரிகர்களை அழைத்துச் சென்று, கூடாரத்தில் தங்கவைத்து, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருபவர் அவர்களே. காட்டின் இடுக்கெல்லாம் அறிந்தவர் அதைக் காக்கத் துணிந்தால், அவரை மிஞ்சிய காவலர் உண்டோ?

மூலகாரணத்தையும் மறைக்கலாகாது. 1882ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டத்தின் மூலம் ஆங்கில ஆட்சி காடுகளைத் தன் உடைமையாக்கிக் கொண்டது. தலைமுறை தலைமுறையாக விறகும் தேனும் எடுத்தவன், தன் மலையிலேயே குற்றவாளியானான். சுதந்திரம் பெற்று 59 வருஷங்கள் சென்ற பின்னரே, 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் அந்த அநீதியை ஒப்புக்கொண்டது. சீட்டு வாங்கி வரும் நகரவாசி விருந்தாளி, அங்கேயே பிறந்தவன் அத்துமீறியவன் என்னும் நிலை சுயராஜ்யத்துக்கு அழகாகுமா?

நம் முசிறிக்கு இதில் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். நம் ஜில்லாவில் தேசியப் பூங்கா கிடையாது, உண்மைதான். ஆனால் காவிரிக் கரையை விட்டு வடக்கே துறையூர் மார்க்கமாகச் சென்றால் பச்சைமலை. திருச்சி, பெரம்பலூர், சேலம் ஜில்லாக்களில் பரவி நிற்கும் அம்மலையில், மலையாளிகள் என்னும் பழங்குடியினர் மரவள்ளியும் சிறுதானியமும் பயிரிட்டு வாழ்கின்றனர். அருவியையும் குளிர்ந்த காற்றையும் நாடி நம்மவர் அங்கே செல்கின்றனர். அம்மலையிலும் கூடாரமும் யாத்திரையும் பெருகுமாயின் நாம் கோருவன சில.

மலையாளி வாலிபர்களுக்கே முதலில் பயிற்சியும் தக்க ஊதியமும் அளிக்கவேண்டும். பாதை எது, தங்குமிடம் எது, ஒரு நாளில் எத்தனை பேர் என்பவற்றை அங்குள்ள கிராம சபைகளைக் கலந்தே முடிவுசெய்ய வேண்டும். வருமானத்தில் ஒரு பங்கு அக்கிராமங்களின் பள்ளிக்கும் வைத்தியத்துக்கும் சேரவேண்டும். தீக்காலத்தில் ஒருவரையும் ஏறவிடலாகாது. எல்லாவற்றுக்கும் முன், உரிமை கோரும் மனுக்களில் தீராதவை இருப்பின் உத்தியோகஸ்தர் அவற்றைத் தீர்த்துவைக்க வேண்டும்.

மலையேறும் நம் வாலிபர்களுக்கும் ஒரு சொல்: அங்கே கண்ணாடிப் புட்டியை எறிவதும், கூச்சலிடுவதும், நெருப்பை அணைக்காமல் வருவதும் பிறர் வீட்டு முற்றத்தை அசுத்தம் செய்வதாகும். அவ்வீட்டுக்குடையவன் பின்னே நடந்து செல்வதில் இழிவில்லை. அவனுக்கு முன்னே நடக்க உரிமை கொடாத தேசம்தான் வெட்கப்பட வேண்டும்.