தரையில் பழகும் சறுக்கு

ஐஸ் ஹாக்கி வீரனுடைய காலணியின் கீழ் பொருத்தப்பட்டிருப்பது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடு. அதன் அடியில் நீளவாட்டில் பள்ளம் கடைந்திருப்பதனால் இருபுறமும் இரண்டு கூரிய விளிம்புகள் அமைந்திருக்கின்றன. நீளவாட்டில் தடையின்றி வழுக்குவது அத்தகட்டின் சுபாவமாதலால், தெருவில் ஓடுகிறவனைப்போல் நேரே பின்னோக்கி உதைத்தால் கால் வழுக்குமேயன்றி உடல் முன்னே செல்லாது. முழங்காலை நன்கு மடக்கி, உள்விளிம்பைப் பனிக்கட்டியில் அழுத்தி, பக்கவாட்டில் உந்துகிறவனுக்கே வேகம் சித்திக்கிறது.

இதை மறந்த பயிற்சியாளர்கள் கோடைகாலமெல்லாம் வீரர்களை மைல் கணக்கில் ஓடவைத்தார்கள்; அதனால் மூச்சு வலுத்திருக்கலாம், சறுக்கு திருந்தியிராது. தரைப் பயிற்சியை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தவர் சோவியத் ருஷ்யாவின் அனதோலி தாரசோவ். செயற்கைப் பனித்தளங்கள் மிக அரிதாயிருந்த காலத்தில், அவர் தம் சிஷ்யர்களைப் பளு தூக்கவும், குட்டிக்கரணம் போடவும், ஒருவரையொருவர் முதுகில் சுமந்து தாவவும் பழக்கினார். கனடா தேசத்து லாயிட் பெர்சிவல் 1951-ல் வெளியிட்ட ஹாக்கிப் பயிற்சி நூலைச் சொந்த நாட்டார் பெரும்பாலும் அசட்டை செய்ய, தாரசோவ் அதை ஊன்றிக் கற்றார் என்பது ஒரு வேடிக்கை. 1963 முதல் 1971 வரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து உலகப் பட்டம் சோவியத் அணிக்கே கிடைத்தது.

இன்று பிரசித்தமாயுள்ள சாதனம் வழுக்குப்பலகை. வழவழப்பான நீண்ட பலகையின் இரு முனைகளிலும் தடுப்புக் கட்டைகள் இருக்கும். காலணிமேல் துணியுறை மாட்டிக்கொண்டு, ஒரு கட்டையை உதைத்து மறுமுனைக்கு வழுக்கிச் சென்று, அங்கிருந்து உடனே திரும்பி உதைக்கவேண்டும். இடுப்பைத் தாழ்த்தி வைத்திருக்கவும், உதைத்த காலை முற்றும் நீட்டிப் பின் உடலுக்கடியில் சேர்க்கவும் இது நன்கு கற்பிக்கிறது. இதைவிட மதிப்பு வாய்ந்தவை, பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் ஒற்றைக்கால் அப்பியாசங்கள் என்பது என் அபிப்பிராயம். சறுக்குகிறவன் ஒவ்வோர் உந்தலுக்குப் பின்னும் ஒரு காலிலேயே மிதக்கிறானாகையால், ஒரு காலில் மெல்லத் தாழ்ந்து எழுவதும், பக்கவாட்டில் தாவி ஒரு காலில் அசையாமல் நிற்பதும் அவனுக்கு இன்றியமையாதவை.

எனினும், பலகையின்மேல் வளைவு கிடையாது. காலைக் குறுக்கே போட்டு வட்டமாகத் திரும்பும்போது தகட்டின் விளிம்பு பனியைப் பற்றும் பிடிப்பையும், அதற்கேற்ப உடல் உட்புறம் சாயவேண்டிய அளவையும் வீரன் பனித்தளத்தில்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.