தீபாவளிப் பலகாரமும் அடுப்படியில் நிற்பவரின் உடம்பும்

தீபாவளிக்கு முந்தின ராத்திரி பல வீடுகளில் அடுப்பு அணைய நடுநிசி ஆகிவிடும். விடிவதற்குள் எண்ணெய்க் குளியலுக்கு எழுந்தாக வேண்டும். வெந்நீர் போடுவது, எண்ணெய் காய்ச்சுவது, எல்லோரையும் எழுப்புவது என்று அப்போதும் ஓடுவது, பெரும்பாலும் ராத்திரி முறுக்கு சுட்ட அதே ஆள்தான். இடுப்பு பிடித்து, கால் வீங்கி, மண்டை இடிக்கிற நிலையில் விடியும் பண்டிகை அது. அன்றைக்குப் பார்த்து அம்மா ஏன் எரிந்து விழுகிறாள் என்று கேட்பவர்கள் முந்தின நாள் அடுப்படியை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கெடாதது முதலில்

எந்தப் பலகாரம் எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்து வேலையைப் பிரித்தாலே பாதிச் சுமை இறங்கிவிடும். முறுக்கு, தட்டை, ஓமப்பொடி எல்லாம் ஈரம் வற்றப் பொரிபவை. காற்றுப் புகாத டப்பாவில் வாரக்கணக்கில் நிற்கும். இவற்றை முந்தின ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடலாம். நன்றாக ஆறிய பிறகு டப்பாவை மூடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளே தங்கி நமுத்துப்போகும்.

அதிரசம் நம்மை அவசரப்பட விடாது. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் இருக்கும்போதே இடித்து, வெல்லப் பாகில் கிளறிய மாவு இரண்டு மூன்று நாள் புளித்தால்தான் சுவை கூடும். ஆகவே மாவை முன்கூட்டியே கிளறி வைத்துவிட்டுச் சுடுவதை மட்டும் வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். சுழியம், வடை, தேங்காய்ப் பூரணம் வைத்தவை எல்லாம் அன்றன்றைக்கே.

மைசூர்பாகு ஆரம்பித்தால் நடுவில் கையை எடுக்க முடியாது. ஆள் நடமாட்டமும் வாசல் மணியும் ஓயாத நாளில் அதைத் தொடாதீர்கள். பொட்டுக்கடலையைப் பொடித்துச் சர்க்கரையும் சூடான நெய்யும் சேர்த்துப் பிடிக்கிற மாலாடு போதும். அடுப்பு வேலை சில நிமிடம்தான். மிச்சத்தைக் கடையில் வாங்கினால் சாமிக் குற்றம் ஒன்றும் ஆகாது. ஒன்பது வகை வைத்துக்கொண்டு படுத்துக் கிடப்பதைவிட மூன்று வகையோடு எழுந்து நடமாடுவது மேல் என்பது என் கட்சி.

உட்கார்ந்து செய்யுங்கள்

மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் காலில் ரத்தம் தேங்கும். நரம்புச் சுருட்டு உள்ளவர்களுக்கு வீக்கமும் வலியும் கூடும். தட்டை தட்டுவது, உருண்டை பிடிப்பது, காய் நறுக்குவது இவற்றுக்கு நிற்க வேண்டிய அவசியமே இல்லை, மேஜையில் உட்கார்ந்து செய்யலாம். நின்றே ஆக வேண்டிய வேலைக்கு ஒரு சின்னப் பலகையைப் போட்டு, காலை மாற்றி மாற்றி அதன்மேல் வைத்தால் இடுப்புக்கு இதம். முறுக்குக் குழலை அழுத்துவது நல்ல தோள் வலு கேட்கிற வேலை. வீட்டில் இளவட்டப் பையன்கள் வேறு எதற்கு இருக்கிறார்கள்?

பலகாரம் முடியட்டும் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது இன்னொரு கெட்ட பழக்கம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் சாப்பிடாமல் அனலில் நின்றால் சர்க்கரை திடீரென இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தெரிந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடித்து உட்கார வேண்டும். பிறகு சாப்பிட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.

எண்ணெய்ச் சட்டியின் முன்னால்

பட்டுப் புடவையோ நைலான் துணியோ உடுத்திக்கொண்டு அடுப்பருகே போக வேண்டாம். சட்டியில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தீ சிதறிப் பரவும். கேஸை அணைத்துவிட்டு, சட்டியை நகர்த்தாமல், தட்டையான மூடியால் மூடுங்கள். எண்ணெய் தெறித்துச் சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் கட்டி, பற்பசை, பேனா மை எதுவும் வேண்டாம். முகத்தில் பட்டாலோ, காயம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி இரண்டொரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடலாம். கறுத்து, நுரைத்து, பிசுபிசுத்துவிட்டால் அது சமையலுக்கு ஆகாது. உணவகங்களுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் இதற்கு வரம்பே வைத்திருக்கிறது: எண்ணெய் சிதைந்து உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. கண்ணும் மூக்கும்தான் சாட்சி.

மிஞ்சிய சோறு

மத்தியான விருந்தில் மிஞ்சியதை ராத்திரிக்கு ஆகும் என்று மேஜையிலேயே விட்டுவைப்பார்கள். சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சோற்றில் பெருகும் ஒருவகைக் கிருமி விடுகிற நஞ்சு, திரும்பச் சுட வைத்தாலும் போகாது. சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள்.

லேகியம்

சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் போட்டுக் கிளறுகிற தீபாவளி லேகியம் பல நாள் கெடாது. ஆகவே அதையும் கடைசி ராத்திரிக்கு வைக்காமல் முன்னதாகவே செய்துவிடலாம். மருந்து என்று பெயர் இருப்பதால் அள்ளிச் சாப்பிட வேண்டாம். அதில் பாதிக்கு மேல் வெல்லமும் நெய்யும்தான். சர்க்கரை நோயாளிகள் நெல்லிக்காய் அளவோடு நிறுத்திக்கொள்ளாமல், இன்னும் குறைத்து நாக்கில் தடவிக்கொண்டால் போதும்.