மாற்றியமைத்த தானுந்துகளில் எரிபொருள் வழங்கல் கோளாறு

மாற்றியமைத்த தானுந்துகளில் எரிபொருள் வழங்கல் கோளாறு என்பது, தானுந்தின் (கார்) பொறி மாற்றியமைக்கப்பட்ட பின்னர், அதற்குத் தேவையான அளவு எரிபொருள் உரிய அழுத்தத்தில் சென்று சேராத நிலையைக் குறிக்கும். பொறியின் திறனைக் கூட்டிவிட்டு, எக்கி (பம்ப்), வடிகட்டி (பில்டர்), குழாய் ஆகியவற்றைப் பழையபடியே விட்டுவிடுவது இதற்குப் பொதுவான காரணமாகும். முடுக்கும்போது தயங்குதல், உயர் வேகத்தில் விட்டுவிட்டு எரிதல் (மிஸ்பயரிங்), சூடான பொறி மீண்டும் இயங்க மறுத்தல் ஆகியன இதன் அறிகுறிகள். தீப்பொறி அமைப்பின் பழுதும் இதே அறிகுறிகளைக் காட்டும். ஆகவே, உறுப்புகளை மாற்றுமுன் அளந்து பார்ப்பதே கோளாறறிதலின் அடிப்படை விதியாகும்.

பின்னணி

சென்னைப் பகுதியில் தானுந்து மாற்றியமைப்புக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கி.மீ. நீளமுள்ள நிரந்தரத் தடம் திறக்கப்பட்டது. நகரின் மேற்கில் மண்ணூர்பேட்டையை ஒட்டிய பாடி, அம்பத்தூர் பகுதிகள் வாகன உறுப்புத் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. 1961இல் நிறுவப்பட்ட லூகாஸ்-டிவிஎஸ் பாடியிலும், 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை அதன் அருகிலும் அமைந்துள்ளன.

1990களின் இறுதிவரை பெரும்பாலான இந்தியக் கார்கள் கார்புரேட்டர் கொண்டவை. பின்னர் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளால் எரிபொருள் உட்செலுத்தல் முறை பரவியது. இவ்விரு முறைகளின் உறுப்புகளையும் கலந்து பொருத்துவதால் சில கோளாறுகள் உண்டாகின்றன. கார்புரேட்டருக்கு ஏறத்தாழ 0.2 முதல் 0.4 பார் அழுத்தம் போதும். உட்செலுத்தல் அமைப்புக்குப் பொதுவாக 3 பார் அளவு தேவை. கார்புரேட்டரோடு உயர் அழுத்த எக்கியை இணைத்தால் ஊசி வால்வு தாங்காமல் பெட்ரோல் வழியும். குறைந்த அழுத்தத்துக்கான இரப்பர்க் குழாயை உட்செலுத்தல் அமைப்பில் பொருத்தினால் அது வெடித்துத் தீவிபத்து நேரலாம்.

விளைவுகள்

ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். முழுத்திறனில் இயங்கும்போது இதைவிடச் செறிவான, 12.5 முதல் 13 வரையிலான விகிதம் தேவைப்படும். எரிபொருள் குறைந்து கலவை நீர்த்துப்போனால் எரியறையின் வெப்பம் உயர்ந்து, பொறித்தட்டல் (நாக்கிங்) ஏற்படும். சுழலேற்றி (டர்போ) பொருத்திய பொறியில் சில நொடிகளில் உந்துருளை (பிஸ்டன்) உருகித் துளைபடவும் கூடும். எனவே, அறிகுறி தோன்றிய வண்டியை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிப்பது தவறு.

கோளாறறியும் முறை

முதலில் தேவை கணக்கிடப்படுகிறது. சுழலேற்றி இல்லாத 100 குதிரைத்திறன் பெட்ரோல் பொறி முழுத்திறனில் மணிக்கு ஏறத்தாழ 30 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு அரை லிட்டர் எரிபொருளைச் செலவிடும். பின்னர் கீழ்க்கண்ட வரிசையில் சோதனைகள் செய்யப்படுகின்றன.

1. அழுத்தம்: உட்செலுத்திகளுக்கு (இன்ஜெக்டர்) எரிபொருள் செல்லும் குழாயில் அழுத்தமானி இணைக்கப்படும். வெறுமனே ஓடும்போது (ஐடிலிங்) சரியாக இருந்து, பளு கூடும்போது அழுத்தம் சரிந்தால் எக்கி, வடிகட்டி, குழாய் ஆகியவற்றில் ஒன்று போதவில்லை. சுழலேற்றி 0.5 பார் காற்றழுத்தம் தந்தால், எரிபொருள் அழுத்தமும் 0.5 பார் உயர வேண்டும்.

2. அளவு: அழுத்தம் சரியாக இருப்பது மட்டும் போதாது. மீள்குழாய் உள்ள அமைப்பில், எக்கியை மட்டும் இயக்கி, திரும்பி வரும் எரிபொருள் அளவுக்கலனில் பிடிக்கப்படும். அரை நிமிடத்தில் கால் லிட்டருக்குக் குறைவாக வந்தால் மேற்கூறிய பொறிக்கு அது போதாது.

3. மின்னழுத்தம்: எக்கியின் முனையில் வோல்ட் அளக்கப்படும். மெல்லிய பழைய கம்பியும் துருவேறிய புவியிணைப்பும் (எர்த்) நல்ல எக்கியையும் மந்தமாக்கும்.

4. தொட்டி: மூடியைத் திறந்ததும் காற்று உள்ளிழுக்கப்பட்டு, வண்டி சீரானால் காற்றுத்துளை அடைபட்டுள்ளது. வளைவுகளில் மட்டும் தயங்கினால், எரிபொருள் ஒருபுறம் ஒதுங்கி எக்கி காற்றை இழுக்கிறது.

5. உட்செலுத்திகள்: இவை திறந்திருக்கும் நேரம் 80 முதல் 85 விழுக்காட்டைத் தாண்டினால் பெரியவை தேவை. அழுத்தத்தைக் கூட்டுவது சிறிதளவே உதவும். எரிபொருள் அளவை இரட்டிப்பாக்க அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும்.

இவையனைத்தும் சரியாக இருந்தால் தீப்பொறி அமைப்பும் உணரிகளும் (சென்சார்) ஆராயப்படும்.

வெப்பமும் எத்தனாலும்

சென்னையின் கோடையில், பொறிக்கு அருகே செல்லும் குழாயில் பெட்ரோல் ஆவியாகி ஓட்டத்தைத் தடுப்பதுண்டு. பொறி ஆறியதும் வண்டி தானே சரியாவது இதன் அடையாளம். இந்தியாவில் 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. முழுதும் எரிய இதற்கு வேண்டிய காற்று விகிதம் ஏறத்தாழ 13.5 மட்டுமே. ஆதலால், பழைய ஜெட் அளவிலேயே ஓடும் கார்புரேட்டரில் கலவை நீர்த்துவிடும். எத்தனால் பழைய இரப்பர் உறுப்புகளையும் சிதைக்கக்கூடும்.

பாதுகாப்பும் சட்டமும்

குழாயைக் கழற்றுமுன் எக்கியின் உருகியை (பியூஸ்) எடுத்துவிட்டு, பொறி தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். திறந்த வெளியில், தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டு வேலை செய்வது இன்றியமையாதது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆகவே, திறன் கூட்டிய பல தானுந்துகள் பொதுச் சாலைக்கு உரியவை அல்ல. பந்தயத் தடத்துக்கே உரியவை.