நாய் கடிச்சா யார் மேல தப்பு?

போன பொங்கல் லீவுல என் சித்தி மகனை நாய் கடிச்சிருச்சு. ஏழு வயசுப் பையன். முழங்கைக்குக் கீழே நாலு பல் ஆழமா இறங்கியிருந்தது. கடிச்சது தெருநாய் இல்லை. ஆயக்குடியில் மாமாவோட கொய்யாத் தோட்டத்தில் காவலுக்குக் கட்டியிருந்த கோம்பை.

அன்னைக்கு ராத்திரி வீட்டில் பெரிய பஞ்சாயத்து. "கோம்பைன்னா கடிக்கத்தான் செய்யும், அந்த ஜாதியே அப்படி" என்றார் சித்தப்பா. "கட்டிப்போட்ட நாய்கிட்ட பையனை யாரு போகவிட்டது?" என்றார் மாமா. நாயைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுட்டு வரலாம் என்கிற வரைக்கும் பேச்சு போச்சு. நான் வாயைத் திறக்கவில்லை. அதுக்குக் காரணம் இருக்கு, பின்னாடி சொல்றேன்.

இந்தச் சண்டை எங்க வீட்டுச் சண்டை மட்டும் இல்லை. 2024 மே 5 அன்று சென்னை நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறின செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். நாயை வளர்த்தவர் கைதானார். அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான், மார்ச் 12 அன்று, மத்திய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. பிட்புல், ராட்வைலர் உட்பட 23 வகை நாய்களை இறக்குமதி செய்யவோ, இனப்பெருக்கம் செய்யவோ, விற்கவோ கூடாது என்று. அந்தப் பட்டியலில் ஜப்பான்காரங்களோட டோசா நாய் ரெண்டு பேர்ல ரெண்டு தடவை வருது. எவ்வளவு அவசரமா தயாரிச்சிருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஏப்ரல் மாதமே கர்நாடக உயர்நீதிமன்றமும் டெல்லி உயர்நீதிமன்றமும் அந்தக் கடிதத்தை ரத்து செய்துவிட்டன.

பட்டியலில் கோம்பை இல்லை, ராஜபாளையமும் இல்லை. அப்போ எங்க மாமா நாய் "பாதுகாப்பான இனம்" ஆகிடுமா?

சரி, அறிவியல் என்ன சொல்லுது? 2022-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் குணங்களை அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டு, அதில் 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் டி.என்.ஏ.வையும் படித்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இருக்கிற குண வித்தியாசத்தில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தை வைத்து விளக்க முடிந்தது. சொன்ன பேச்சு கேட்பதில் இனத்துக்குக் கொஞ்சம் பங்கு இருக்கு. ஆனா எவ்வளவு சீக்கிரம் சீண்டப்பட்டு எகிறும் என்பதில் இனத்தை வைத்து ஏறக்குறைய எதையும் கணிக்க முடியவில்லை.

இதைப் படிச்சதும் "பார்த்தியா, எல்லாம் வளர்ப்புதான்"னு முடிச்சிடத் தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா அது பாதி உண்மைதான். மெக்கானிக்கல் பசங்களுக்கு எஃப்.எம்.இ.ஏ. ஞாபகம் இருக்கா? ஒரு பாகம் பழுதானா விளைவு எவ்வளவு மோசம், எத்தனை தடவை பழுதாகும், முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா, இந்த மூணுக்கும் மதிப்பெண் போட்டுப் பெருக்குவோமே, அதேதான். நாய்க்கும் போட்டுப் பாருங்க.

முதல் எண், விளைவு. இதில் இனம் கண்டிப்பா வருது. வளர்ந்த ஆண் ராட்வைலர் 50 கிலோவுக்கு மேல இருக்கும். ஐந்து வயதுக் குழந்தை 18 கிலோ சுமார். பொமரேனியன் கடிச்சா தையல், ராட்வைலர் கடிச்சா அறுவை சிகிச்சை. "எல்லா நாயும் ஒண்ணுதான்"னு சொல்றவங்க இந்த எண்ணை மறந்துடறாங்க.

மற்ற ரெண்டு எண்ணும் வளர்க்கிறவர் கையில். ஸ்காட், ஃபுல்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பல வருஷம் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். குட்டி பிறந்து மூணாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைக்கும் யாரையெல்லாம் பழகுதோ, அவங்களைத்தான் அது பிற்காலத்தில் பயமில்லாமல் ஏத்துக்கும். மாமா அந்தக் குட்டியை சந்தையில் வாங்கும்போது அதுக்கு ஒண்ணரை மாசம். "ஆள் பழகினா காவலுக்கு ஆகாது"ன்னு நேரா மோட்டார் ரூம் பக்கத்தில் கட்டினார். அது குழந்தைகளையே பார்த்ததில்லை. மலையடிவாரத் தோட்டம், ராத்திரியானா காட்டுப்பன்றி வரும், பகலெல்லாம் ஆறடிச் சங்கிலி. பயந்த நாய்க்கு ரெண்டே வழி, ஓடறது இல்லைன்னா கடிக்கிறது. சங்கிலி முதல் வழியை அடைச்சிடுது.

கோம்பைன்னு சொல்றதே சந்தேகம்தான். அசல் கோம்பை தேனி மாவட்டம் கோம்பை ஊரைச் சேர்ந்த இனம். செம்பழுப்பு உடம்பு, கறுத்த மூஞ்சி. நம்ம பக்கம் அந்த நிறத்தில் எந்தக் குட்டி இருந்தாலும் கோம்பைன்னு சொல்லி ஆயிரம் ரூபா கூட வாங்கிடறாங்க. கடிச்ச நாயின் இனம் என்னன்னு நாளிதழ்ல வர்றதும் பல நேரம் இப்படிக் கண்ணளவுதான்.

இப்போ மூணாவது எண், முன்கூட்டியே கண்டுபிடிக்கிறது. நான் வாய் திறக்காத காரணம் இதுதான். அந்தக் குட்டி ஆளைப் பார்த்து உறுமினப்போ, ஏதோ வீடியோ பார்த்துட்டு, "உறுமினா உடனே ஒரு அடி போடுங்க மாமா, நாமதான் தலைவன்னு அதுக்குத் தெரியணும்"னு சொன்னது நான்தான். மாமா போட்டார். உறுமறது நின்னுடுச்சு. நாங்க நாய் திருந்திடுச்சுன்னு நினைச்சோம். உறுமல்ங்கிறது அதோட அலாரம். அலாரத்தை அமுக்கிட்டோம், பயம் அப்படியே இருந்தது. அன்னைக்குப் பையன் கிட்ட போனப்போ அது சத்தமே போடலை, நேரா கடிச்சது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2009-ல் வந்திருக்கு. நாயை அடிச்ச, உதைச்ச சொந்தக்காரர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் திருப்பி மூர்க்கம் காட்டியிருக்கு. இதை நான் வீடியோவுக்கு முன்னாடி படிச்சிருக்கணும்.

சட்டமும் இனத்தைக் கேட்கலை. பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் ஆபத்து வராமல் கவனிக்கத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும் என்கிறது.

கடிபட்டவங்களுக்கு ஒரு விஷயம். அன்னைக்குப் பாட்டி காயத்தில் அப்ப காபித்தூள் டப்பாவோட வந்தாங்க. தடுத்தது மட்டும்தான் நான் செஞ்ச ஒரே நல்ல காரியம். சோப்பு போட்டு, ஓடுற தண்ணியில் 15 நிமிஷம் கழுவணும். பிறகு அரசு மருத்துவமனை. ஆழமான கடி என்றால் காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடுவாங்க. தடுப்பூசி 0, 3, 7, 28-ம் நாள். வீட்டு நாய்தானேன்னு விட்டுடாதீங்க. எங்க நாய்க்கு ரேபிஸ் ஊசி போட்டிருக்கான்னு டாக்டர் கேட்டப்போ மாமா தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

பத்து நாள் நாயைக் கண்காணிச்சாங்க, அதுக்கு ஒண்ணும் ஆகலை. சித்தப்பாவுக்கு இன்னும் கோபம்தான். மாமா சங்கிலியை அவுத்துட்டு, மோட்டார் ரூமைச் சுத்தி ஆளுயரக் கம்பிவேலி போட்டிருக்கார். போன வாரம் போனில் பேசும்போது, "இப்பல்லாம் மறுபடி உறுமுதுடா"ன்னார். அடிக்காதீங்க மாமான்னேன்.