வைக்கோல் தூசியும் நுரையீரல் அழற்சியும்

பூசணம் பிடித்த வைக்கோலையும் உலர் புல்லையும் உதறுங்கால் எழும் தூசியைச் சுவாசிப்போரிற் சிலருக்கு, நாலைந்து மணி நேரஞ் சென்றபின் குளிர், ஜுரம், வறட்டிருமல், மூச்சுத் திணறல் ஆகியவை உண்டாகின்றன. 1932-ஆம் வருஷத்தில் காம்ப்பெல் என்னும் வைத்தியர் இங்கிலாந்துக் குடியானவர்களிடம் இந்நோயைக் கண்டு எழுதினார். இதில் தீங்கு செய்வது தூசி மாத்திரமன்று. அதனை எதிர்க்க எழும் நமது உடலின் காவற்படையுமேயாம்.

அக்காவற்படையாவது இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள். தூசியும் கிருமியும் நுரையீரலின் காற்றறைகளை அடைந்தவுடன் இவை திரளாக அங்கே வந்து சேருகின்றன. இவற்றின் உள்ளே நுண்ணிய பைகளில் எலாஸ்டேஸ் முதலிய என்ஸைம்கள் அடங்கியுள்ளன. விழுங்கிய கிருமிகளைச் சிதைத்தல் இவற்றின் தொழில். வெள்ளணு மடிந்து உடையுங்கால் இவை வெளியே கசிந்து, காற்றறைகளின் சுவரிலுள்ள ரப்பர் போன்ற எலாஸ்டின் நாரையும் அரிக்கின்றன. அந்நார் அழிந்தால் நுரையீரல் விரிந்தபின் சுருங்கும் சக்தியை இழக்கிறது.

இறைச்சி விரைவில் வேகும்பொருட்டுப் பப்பாளிக்காயைச் சேர்ப்பது யாவரும் அறிந்ததே. அக்காயின் பாலிலுள்ள பப்பெயின் என்னும் என்ஸைமை 1964-இல் அமெரிக்காவில் எலிகளின் நுரையீரலிற் செலுத்திப் பார்த்தனர். காற்றறைகளின் சுவர் கரைந்து நுரையீரல் உப்பிற்று. வெள்ளணுவின் எலாஸ்டேஸும் இத்தகைய அழிவைச் செய்யவல்லது.

ஆயினும் இதற்கு ஒரு தடை உண்டு. கல்லீரலில் உண்டாகும் ஆன்டிட்ரிப்ஸின் என்னும் புரதம் இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து எலாஸ்டேஸை அடக்குகிறது. 1963-இல் ஸ்வீடன் தேசத்தில் லாரெல், எரிக்ஸன் என்னும் இருவர் இப்புரதம் குறைந்த ஐவரைக் கண்டனர். அவர்களுள் மூவருக்கு நுரையீரல் உப்பிக் கெட்டிருந்தது. புகையிலைப் புகை இப்புரதத்தின் வலிமையைக் குன்றச் செய்வதுடன் வெள்ளணுக்களையும் மிகுதியாக வரவழைக்கிறது. ஆகவே புகைப்போரின் நுரையீரல் இருவழியிலும் கெடுகிறது.

ஆதலின் விவசாயிகள் பின்வருவனவற்றைக் கவனிப்பது நலம்:

1. வைக்கோலை நன்றாக உலர்த்திய பின்னரே போர் போடுக. ஈரமான போர் உள்ளே சூடேறிப் பூசணத்தையும் நுண்ணுயிர்களையும் வளர்க்கும்.

2. பூசணம் பிடித்ததை மூடிய கொட்டகையில் உதறலாகாது. வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று உதறுக. சாதாரணத் துணி நுண்தூசியை நன்கு தடுக்காது. தூசி வடிகட்டும் முகமூடியே தக்கது.

3. வைக்கோல் வேலைக்குப்பின் ஜுரமும் திணறலும் மறுபடி மறுபடி வருமாயின், தாம் செய்த வேலையை வைத்தியரிடம் தவறாது கூறுக. பன்முறை அழற்சியுற்ற நுரையீரலில் தழும்பேறும்; அது பின்பு நீங்குவதன்று.

போரைப் பிரித்து உதறுவோர் பெரும்பாலும் கூலியாட்களே. அவர்களுக்கும் முகமூடி அளித்தல் நிலவுடையோர் கடமை. இதனை ஊரில் எடுத்துரைத்தல் கிராம அதிகாரிகள் கடமை.